இடுப்பில் ஏறும் பிள்ளைக்கு

பரங்கிமலைக்குக் கைக்குழந்தையோடு கிளம்பும் மயிலாப்பூர், அடையாறு பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதையில் அது சுகமாக உருளும். 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் உஸ்கான் கட்டிக்கொடுத்த மலைப்படிகளிலோ குழந்தையோடு வண்டியையும் நீங்கள்தான் தூக்க வேண்டும். மலை சுமார் 300 அடிதான், இமயமல்ல. அதற்கு அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பை வீண் செலவு. வெறும் பையே இரண்டு மூன்று கிலோ இருக்கும். தானாக உட்காரத் தெரியாத குழந்தைக்கு அது ஆகவும் ஆகாது. மெல்லிய பருத்தியில் தைத்த, இடுப்புப் பட்டை உள்ள கேரியர் போதும். நிறத்தையும் பிராண்டையும் விட்டுவிட்டு இருக்கையின் அகலத்தைப் பாருங்கள். துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை தாங்க வேண்டும். கைக்குழந்தையின் கால்கள் வெறுமனே தொங்குவது இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது, முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். வெயிலுக்கென்று முகத்தின்மேல் துப்பட்டாவைப் போர்த்துவது நம் ஊர்ப் புழுக்கத்தில் ஆபத்து. தொப்பி போடுங்கள், விடிந்ததும் ஏறிவிடுங்கள். நடக்கப் பழகிய வாண்டுக்குப் பின்பட்டை வைத்த செருப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் போதும். எப்படியும் பாதிப் படியில் “தூக்கு” என்று கை நீட்டத்தான் போகிறது. தி.நகரில் கேரியர் வாங்கும்போது குழந்தையை அதில் வைத்துப் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.