"உங்களுக்குப் பழக்கம்தானே" என்று சொல்லாதீங்க

போன சீசனில் நாங்கள் பதினொரு பேர் இரத்தினபுரிப் பக்கமாகச் சிவனொளிபாதமலைக்குப் போனோம். பலாபத்தலயில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லோரும் ஹீரோ. புதுச் சப்பாத்து, புதுப் பேக், ஒருத்தன் கையில் ஸ்பீக்கர் வேற. ஹெரமிட்டிபான வரும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டோம். அங்கிருந்து மேலே போகும் செங்குத்தில் நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழு பேர்தான் உச்சியில் விடியலைப் பார்த்தோம். அந்த ஏழு பேரும் திரும்பி வந்து மூன்று நாளைக்கு லயத்துப் படியைக் கூடப் பக்கவாட்டில்தான் இறங்கினோம்.

எங்களோடு ஒரு நண்பனின் அம்மாவும் வந்திருந்தார். ஐம்பது தாண்டியவர், கொழுந்து பறிக்கிறவர். காலில் சாதாரண றப்பர் செருப்பு, தோளில் ரொட்டியும் சம்பலும் கட்டிய பை. எங்களுக்கு முன்னமே உச்சிக்குப் போய், நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ரொட்டியைப் பிரித்துக் கொடுத்தார்.

"எப்பிடி அம்மா?" என்று கேட்டோம்.

"எங்களுக்குப் பழக்கம்தானே தம்பி."

நாங்களும் சிரித்து, "ஆமா, அம்மாவுக்கெல்லாம் பழக்கம்தானே" என்று சொல்லிவிட்டோம். அந்த வசனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது பொய் என்று எங்களுக்கு அடுத்த கிழமைதான் தெரிந்தது. அந்த அம்மாவால் நாலு நாள் மலையில் நிற்க முடியவில்லை. மூன்று வருஷமாகவே முழங்கால் வலியாம், சொல்லவில்லை. இரத்தம் சோதித்தால் அதுவும் குறைவு. நாலு நாள் பேர் போச்சு. எங்களுக்குப் போனது நாலு நாள் கால் வலி மட்டும்.

அடுத்த முறை ஒழுங்காகத் தயாராகிப் போக வேண்டும் என்று, மலை ஏறப் பயிற்சி எடுக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். இதைப் பற்றி விலாவாரியாக எழுதி வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் யார் தெரியுமா? மலைச் செம்மறி வேட்டைக்குப் போகிறவர்கள். அலாஸ்காவில் டால் செம்மறி என்று ஒரு வெள்ளை ஆடு இருக்கிறது. வெளி மாநிலத்துக்காரர் அதை வேட்டையாடப் போனால், உரிமம் உள்ள வழிகாட்டியோ, அங்கே குடியிருக்கும் நெருங்கிய உறவினரோ கூட இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய செலவு. அவ்வளவு காசு கட்டிவிட்டு மலையடியில் மூச்சு முட்டி உட்கார முடியாதல்லவா? அதனால் பல மாதம் முன்னமே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார்கள்.

வேட்டை எங்களுக்கு வேண்டாம். பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் எத்தனை சிறுத்தைகள் மாட்டுகின்றன என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2020 மே மாதம் இதே மலையின் மறுபக்கம், நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை செத்துப்போனதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த வேட்டைக்காரர்களின் பயிற்சியைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. முதுகில் பாரத்தைக் கட்டிக்கொண்டு படி ஏறி இறங்குகிறார்கள். சரிவில் பாரத்தோடு நடக்கிறார்கள். அதைத்தானே எங்கள் அம்மாமார் தினமும் செய்கிறார்கள்! பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18, 20 கிலோ கொழுந்து என்று கணக்கு. சாக்கைத் தூக்கிக்கொண்டு சரிவில் நிறுவைக்கு நடக்கிறார்கள். கேகாலைப் பக்கம் றப்பர் மலையில் விடியும் முன்னமே பால் வெட்டப் போகிறவர்களின் கதையும் இதுதான்.

அப்படியானால் எங்கள் ஆட்கள்தான் உலகத்திலேயே ஃபிட்டான ஆட்களாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

பதில் அந்தப் பயிற்சி அட்டவணையிலேயே இருக்கிறது. அதில் பாரம் ஏற்றும் நாள் இருக்கிற மாதிரி ஓய்வு நாளும் இருக்கிறது. ஐந்து கிலோவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். சில கிழமைக்கு ஒரு தடவை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். இறைச்சி, முட்டை, பருப்பு என்று புரதம் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். தசை பலப்படுவது பாரம் தூக்கும்போது இல்லை. தூக்கி முடித்து, சாப்பிட்டு, தூங்கும்போதுதான். பாரம் இருந்து, சாப்பாடும் ஓய்வும் இல்லையென்றால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, தேய்மானம்.

2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம் என்றது. தோட்டத்துறையில் மட்டும் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாளைக்கு "உங்களுக்கு மலை பழக்கம்தானே" என்று சொல்லப்போகிறோம். "அவங்க பலமான ஆட்கள், தாங்குவாங்க" என்ற பேச்சு கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். தாங்குகிற ஆளுக்குச் சாப்பாடு எதற்கு, லீவு எதற்கு, நல்ல சப்பாத்து எதற்கு என்பதுதான் அதன் அடுத்த வரி.

சரி, மலைக்கு வருவோம். எங்களை மாதிரி ஒன்றும் தெரியாமல் போகிறவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

முதலாவது, எந்தப் பாதை என்று தெரிந்துகொள்ளுங்கள். உச்சி 2,243 மீற்றர். ஹட்டன் பக்கம் நல்லதண்ணியில் தொடங்கினால் ஏறுவது சுமார் ஆயிரம் மீற்றர். எங்கள் பக்கம், பலாபத்தலயோ குருவிட்ட எரத்னவோ, அடிவாரமே தாழ்வு. ஏறுவது கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. ஹட்டன் பக்கம் போய்வந்த மாமா "சும்மா ஏறலாம்டா" என்று சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று, "உயரத்துல காத்து இல்ல, அதான் மூச்சு வாங்குது" என்பதும் சாட்டுத்தான். உயர நோய் வழக்கமாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தொல்லை தரும். இங்கே மூச்சு வாங்குவது நாங்கள் நடக்காததால்.

இரண்டாவது, இறக்கத்துக்குப் பழகுங்கள். எல்லோரும் ஏறத்தான் பயப்படுகிறோம். காலை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதில்தான் தசைக்குள் நுண்ணிய சேதம் வருகிறது. அதனால்தான் வலி அன்றைக்கு வராமல் அடுத்த இரண்டு நாளில் வருகிறது. நல்ல செய்தி என்னவென்றால், முன்னமே சில தடவை நீளமான இறக்கத்தில் நடந்திருந்தால் அந்தத் தசை பழகிவிடும், அடுத்த முறை இவ்வளவு நோகாது. தோட்டத்தில் இறக்கத்துக்குப் பஞ்சமா? கோயில் படி, தேயிலை மலைக் குறுக்குப் பாதை, ஸ்டோருக்குப் போகும் ரோடு, எதுவும் போதும். மெதுவாக, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்குங்கள்.

மூன்றாவது, பன்னிரண்டு கிழமை கொடுங்கள். கிழமையில் இரண்டு நாள் படி ஏற்றம், ஒரு நாள் நீண்ட நடை. பையில் தண்ணிப் போத்தல் போட்டு இரண்டு மூன்று கிலோவில் தொடங்கி, மலைக்குக் கொண்டுபோகிற பாரம் வரைக்கும் கூட்டுங்கள். நாலாவது கிழமை பாதியாகக் குறையுங்கள். சப்பாத்தைப் பயிற்சியிலேயே போட்டுப் பழகுங்கள், கால் நகத்தை வெட்டுங்கள். டவுனில் ஜிம்முக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. நெஞ்சும் கையும் காட்டி மலை ஏற முடியாது, ஏறுவது கால்.

நான்காவது, சாப்பாடு. பருப்பு, நெத்தலி, முட்டை, முருங்கைக்கீரை. இன்னொன்று சொன்னால் வீட்டில் சண்டை வரும்: சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்காதீங்க. சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேயிலை பறிக்கிற கைகளுக்கு இரத்தம் குறைய அந்தத் தேத்தண்ணியும் ஒரு காரணமாகலாம் என்பது எங்களுக்கே புதுச் செய்தி.

ஐந்தாவது, வழி தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். சீசன் உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். அதற்கு வெளியே காட்டுப் பாதையில் வெளிச்சமும் இல்லை, கடையும் இல்லை, அட்டை மட்டும் தாராளம். மழை பிடித்தால் ஓடைகள் சட்டென்று பெருகும். களுகங்கை பிறக்கிற மலை இது, அதன் வெள்ளத்தை இரத்தினபுரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1344இல் இபுன் பதூதா இந்த மலைக்கு வந்தபோது அவரும் தனியாக வரவில்லை. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், வருஷா வருஷம் பாதம் தரிசிக்கப் போகும் நாலு யோகிகளும், மூன்று பிராமணர்களும், இன்னும் பத்துப் பேரும், சாப்பாடு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார். உலகம் சுற்றியவருக்கே வழிகாட்டி தேவைப்பட்டது. வழிகாட்டி "திரும்புவோம்" என்றால் திரும்புங்கள். மலை அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்.

இபுன் பதூதாவின் கதையில் அந்தச் சாப்பாடு சுமந்த பதினைந்து பேருக்குப் பெயர் இல்லை. அவர்களும் அதே மலையைத்தான் ஏறினார்கள், பாரத்தோடு. அவர்களைப் பற்றியும் யாராவது "பழக்கம்தானே" என்று சொல்லியிருப்பார்கள்.

இந்த வருஷமும் நாங்கள் போகிறோம். புரட்டாசியிலேயே நடக்கத் தொடங்கிவிட்டோம். நண்பனின் அம்மாவையும் கூப்பிட்டோம். "முழங்காலுக்கு மருந்து எடுக்கிறேன், பார்ப்போம்" என்றார். அவர் வந்தால் ரொட்டிப் பை எங்கள் தோளில்தான். வராவிட்டால் அதற்கும் காரணம் கேட்க மாட்டோம். ஆனால் மலைக்குப் போக எங்களுக்கு ஓய்வு, சாப்பாடு, சப்பாத்து எல்லாம் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிற நாங்கள், தினமும் மலைக்குப் போகிறவர்களுக்கும் அது வேண்டும் என்று கேட்காமல் இருக்க முடியாது. பிரட்டுக் களத்தில், சங்கக் கூட்டத்தில், வீட்டில், எங்கே அந்த வசனத்தைக் கேட்டாலும் நிறுத்திக் கேளுங்கள்: பழக்கம் சரி, சாப்பிட்டாங்களா?