பூசணம் பூத்த மோட்டார்

மோட்டார் வண்டி ஓடினால் பெட்ரோல் செலவு. ஓடாமல் நின்றாலோ அதனினும் பெரிய செலவு ஒன்று காத்திருக்கிறது. இந்த இரண்டாவது செலவைப்பற்றி வண்டி விற்பவர் யாரும் நமக்குச் சொல்வதில்லை. ஓசூர்வாசிகளாகிய நாம் அதை 2020-ஆம் வருஷத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டோம்.

ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள் ஏராளம். காலையில் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கர்நாடக மண்ணை மிதிப்பதும், இரவில் களைத்துத் திரும்புவதும் அவர்களுக்கு நித்திய கருமம். அவ்வருஷம் மார்ச்சு 25-ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. அதுவரை கண்ணுக்கே தெரியாதிருந்த எல்லைக் கோடு திடீரென்று மதிலாக எழுந்து நின்றது. ஆபீசோ வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழ்நாட்டுக்குள் ஜில்லாவிட்டு ஜில்லா போவதற்குரிய இ-பாஸ் ஒழியவே செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயிற்று. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட்டைப் பெற்றெடுத்து நாடெங்கும் ஓடவிட்ட ஊரிலே, வீதிக்கு வீதி வண்டிகள் கட்டிப்போட்ட மாடுகளைப்போல் அசையாமல் நின்றன.

அதற்குள் மழைக்காலமும் வந்து சேர்ந்தது. ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். அதன் குளிர்ந்த காற்றை நாம் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். பூசணமும் அதே காற்றைத்தான் மெச்சுகிறது! மலைச்சரிவுக்குக் கீழே கிருஷ்ணகிரி வெயிலில் நிற்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு.

மூடிக் கிடக்கும் வண்டிக்குள் நடப்பது இதுதான். முன் கண்ணாடிக்கு அடியிலுள்ள வடிகாலைப் புங்க இலைச் சருகு அடைத்துக்கொள்கிறது. அல்லது கதவு ஓரத்து ரப்பர் எங்கேயோ வெடித்திருக்கிறது. நீர் மெள்ளக் கசிந்து கால் விரிப்புக்கு அடியிலுள்ள பஞ்சில் ஊறுகிறது. மேலே விரிப்பு உலர்ந்தேயிருக்கும். ஆகையால் யாருக்கும் சந்தேகம் தோன்றாது. பகலில் வெயில் பட்டதும் அந்த நீர் ஆவியாகிறது. இரவில் குளிர்ந்ததும் கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் பனித்துப் படிகிறது. வெளியே போக வழியில்லாத ஒரு குட்டி மழைக்காலம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறதென்று வைத்துக்கொள்ளலாம். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நின்றால் பூசணத்துக்குப் போதும். சாப்பாட்டுக்கு நமது வியர்வை, குழந்தைகள் சிந்திய பிஸ்கோத்துத் தூள், தோல் ஆசனம், பருத்தி நூல் எல்லாம் இருக்கின்றன.

தோலின்மேல் பூசணத்துக்குள்ள பிரியம் பழைய கதை. 1665-இல் லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி ஒரு சிறு புத்தகத்தின் ஆட்டுத்தோல் அட்டையில் பூத்திருந்த வெள்ளைப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்து, சின்னஞ்சிறு காளான்களைப்போல் தண்டும் தலையுமாகப் படம் எழுதிவைத்தார். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்தே 1928-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டார். அதற்காகக் காரில் பூத்ததையும் மருந்தென்று எண்ணி மூக்கை நீட்ட வேண்டாம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வயோதிகத் தாயாருக்கு வெகுநாளாக இழுப்பு நோய். அவ்வருஷம் மழைக்காலத்தில் ஓர் இரவு மூச்சுத் திணறல் அதிகமாயிற்று. பல வாரம் திறக்காத வண்டியைத் திறந்து, அம்மாளைப் பின் ஆசனத்தில் அமர்த்தி, மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிக் குளிர்சாதனத்தையும் முடுக்கினார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அம்மாள் இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிட்டார். பிறகுதான் புத்திரருக்கு விஷயம் விளங்கிற்று. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, எல்லோரும் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். அம்மாள் பிழைத்தார். குளிர்சாதனத்துக்குள் ஈரமான தகடுகளில் பூசணம் படர்ந்திருந்தால், விசிறி அதன் வித்துக்களை அள்ளி நேரே முகத்தில் வீசுகிறது. இழுப்பு உள்ளவர்களுக்கு இது வெறும் துர்நாற்றமல்ல.

ஆகவே, சுத்தம் செய்யும் வேலையை இழுப்பு உள்ளவர் ஒருபோதும் ஏற்கக் கூடாது. மற்றவர்களும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, நல்ல வெயிலில், வெட்டவெளியில், எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். துடைப்பத்தால் தட்டக் கூடாது. தட்டினால் வித்து பறந்து மற்ற இடங்களிலும் குடியேறும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். வினிகரில் சம அளவு நீர் கலந்தும் துடைக்கலாம். ஆனால் தோலில் முதலில் மறைவான மூலையில் பரீட்சித்துப் பார்ப்பது விவேகம். பிளீச்சிங் பவுடரை எடுத்து வரும் வீரர்கள் உண்டு. அது ஆசனத்தின் நிறத்தைக் கொன்றுவிடும். வினிகரோடு கலந்தாலோ குளோரின் என்னும் விஷவாயு எழும். இடுப்புப் பட்டையை முழு நீளத்துக்கும் இழுத்து, மிதமான சோப்பினால் மட்டும் கழுவி உலர்த்துக. பிளீச்சிங் அதன் இழைகளைப் பலவீனமாக்கும். விபத்து நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்துவது அந்த இழைகள்தாம்.

கால் விரிப்பை உள்ளபடி கழற்றி வெளியே போட்டு, அடியிலுள்ள பஞ்சையும் உலர்த்தாவிட்டால் மேற்படி உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைக்கும்வரை பூசணம் மறுபடியும் பூத்துக்கொண்டேயிருக்கும். குளிர்சாதனத்தின் காற்று வடிகட்டியைக் கழுவிப் பார்க்காமல் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. சிலர் அந்துருண்டைகளை ஆசனத்தின் அடியில் உருட்டிவிடுகிறார்கள்; மூடிய வண்டிக்குள் அந்தப் புகை கைக்குழந்தைகளுக்குக் கெடுதல். பூசணத்துக்கோ அதனால் பெரிய சங்கடமில்லை.

நெடுநாள் நிறுத்திவைக்க நேர்ந்தால் பாலிதீன் உறையைவிடக் காற்றோட்டமுள்ள துணி உறை மேலானது. வாரம் ஒரு முறை, வெயில் வேளையில் கதவுகளை அரைமணி திறந்துவைத்துப் பிறகு சிறிது தூரம் ஓட்டிவரலாம். வீடு திரும்புமுன் சில நிமிஷம் குளிர்சாதனத்தை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளேயுள்ள ஈரம் காய்ந்துவிடும்.

பழைய வண்டி வாங்கப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகள் எத்தனை! நீர் புகுந்த வண்டியையும் துடைத்து மினுக்கி, மல்லிகை வாசனை தெளித்து விலைபேசுகிறவர்கள் உலகத்தில் இருக்கவே இருக்கிறார்கள். அத்தர் மணம் தூக்கலாக இருந்தால், விலையைக் கேட்குமுன் கால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடிப்பஞ்சை விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.