வலைப்பக்கத்துக்கும் பெயர்ப்பலகை வேண்டும்

நேரு வீதியிலோ மகாத்மா காந்தி வீதியிலோ கடை திறக்கும் நம்மில் எவரும் பெயர்ப்பலகை மாட்டாமல் வியாபாரம் தொடங்குவதில்லை. பலகையில் கடையின் பெயர் மட்டும் போதாது, என்ன சரக்கு என்பதும் தெரிய வேண்டும் என்பது நம் பெரியவர்கள் காலத்து வழக்கம். "மளிகை", "பாத்திரம்", "இரும்பு" என்ற ஒரு சொல்தான் வழியே போகிறவரை வாடிக்கையாளராக்குகிறது. இந்தக் கவனத்தை நமது வலைப்பக்கங்களில் காட்டுகிறோமா? இல்லை என்பதே நமது வருத்தம்.

நமது வணிகர்களில் பலர் நல்ல பணம் கொடுத்து வலைப்பக்கம் அமைத்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் தீபாவளிக் காலண்டர் போல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைப் பெயர், சரக்கு விவரம், விலாசம் யாவும் ஒரே படத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. தலைப்பில் "நல்வரவு" என்ற ஒரே சொல். படங்களின் கோப்புப் பெயரோ கேமரா இட்ட வெறும் எண்.

தேடுபொறிக்குப் படத்தை ஓரளவு அடையாளம் காணும் திறன் இன்று வந்துவிட்டது. ஆயினும் பக்கத்தின் தலைப்பு, படத்தை ஒட்டிய வாசகம், கோப்பின் பெயர், 'ஆல்ட்' எனப்படும் மாற்றுரை ஆகிய எழுத்துகளைக் கொண்டே அது படம் எதைப் பற்றியது என்று தெளிகிறது. முக்கியமான வாசகத்தைப் படத்துக்குள் புதைக்காதீர்கள் என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டியில் கூறுகிறது. மாற்றுரை புதிய சங்கதி அல்ல. 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 4.0 விதிமுறையே ஒவ்வொரு படத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதைத்தான் உரக்கப் படித்துக் காட்டுகிறது. ஆகவே இதில் வியாபாரமும் உண்டு, புண்ணியமும் உண்டு.

ஓர் உதாரணம் சொல்கிறோம். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்ற நமது மண்ணின் சரக்குகள். "வில்லியனூர் சுடுமண் குதிரை" என்பதே தலைப்பாகவும், அதுவே படத்தின் கோப்புப் பெயராகவும், "கையால் வனைந்த, ஓர் அடி உயரச் சுடுமண் குதிரை" என்பது மாற்றுரையாகவும் இருந்தால், சென்னையிலோ பாரீசிலோ தேடுகிறவர் கண்ணில் நமது கடை பட வழியுண்டு. நாம் எழுதாமல் விட்டால், எழுதி வைத்திருக்கும் வெளியூர் இடைத்தரகரின் பக்கம் முந்திக்கொள்ளும். சரக்கு நம்முடையது, லாபம் அவருடையது என்றாகிவிடும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. 2006இல் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆயிற்று. வெளியூரார் இன்றும் பழைய பெயரில்தான் தேடுகிறார்கள். நாமோ புதுவை என்கிறோம். தலைப்பில் ஒன்று, கீழே வாசகத்தில் மற்றவை என இயல்பாக வரட்டும். நமது வீதிப் பலகைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் இருப்பதுபோல், பிரெஞ்சு வாடிக்கையாளர் உள்ளவர்கள் அவர்களுக்கெனத் தனிப்பக்கம் வைக்கலாம். தமிழை யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. ஒரே சொல்லை மாற்றுரையில் இருபது முறை திணித்தால் தேடுபொறி அதை மோசடி என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்தின் பின்னால் மறைவாக எழுதும் 'மெட்டா கீவேர்டு' பட்டியலைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. அதற்குத் தனிக்கட்டணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம். "முதல் இடம் உத்தரவாதம்" என்பவரையும் நம்ப வேண்டாம். அப்படி எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்பது கூகுளே சொல்லும் எச்சரிக்கை. படங்களையும் அளவு குறைத்தே ஏற்றுங்கள். கைப்பேசியில் படம் திறக்கும்வரை காத்திருக்க வாடிக்கையாளருக்குப் பொறுமை இராது.

"வாட்ஸ்அப் போதுமே" என்று சிலர் கேட்கலாம். அங்கே வைக்கும் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நமது எண்ணை வைத்திருப்பவருக்கே தெரியும். புதிய வாடிக்கையாளர் தேடித்தான் வருவார்.

பலகை மாட்டியதால் மட்டும் கடை ஓடிவிடாது என்பதை நாமும் அறிவோம். தரமும் நாணயமும்தான் வியாபாரத்தின் முதல். ஆனால் இருக்கும் இடமே தெரியாத கடையில் தரம் இருந்தும் என்ன பயன்?

எனவே வணிகப் பெருமக்கள் இன்றே தங்கள் வலைப்பக்கத்தைத் திறந்து, படங்களைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். என்ன சரக்கு, எந்த ஊர் என்பது விளங்கவில்லையானால், பக்கம் அமைத்துக் கொடுத்தவரை அழைத்துத் திருத்தச் சொல்லுங்கள். சங்கமும் இதற்கென ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும் என்பது நமது கோரிக்கை.