பீச் யாருக்குச் சொந்தம்? பெசன்ட் நகருக்கு முன்பே இருந்த ஊரூர் குப்பத்தின் கதை

பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகிற பலரும் ஷ்மிட் நினைவுச் சின்னம் முன்னால் ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பார்கள். 1930-ல், கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டென்மார்க் மாலுமிக்காக எழுப்பப்பட்டது அது. அங்கிருந்து அடையாறு முகத்துவாரம் பக்கமாக வடக்கே நடந்தால் வரிசையாகப் படகுகள், காயும் வலைகள், மீன் விற்கும் அம்மாக்கள். அதுதான் ஊரூர் ஆல்காட் குப்பம். தினமும் கடலோடு மல்லுக்கட்டும் இந்த ஊரின் கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர்கள் சொல்வது என்ன?

பிரம்மஞான சபை அடையாறுக்கு வந்தது 1882-ல். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆல்காட், ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1894-ல் இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயர் குப்பத்துக்கும் வந்தது. சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் பெயரில் பின்னாளில் ஒரு நகரே உருவானது. பீச்சுக்கு எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் பெயர். ஆக, பிறகு வந்தவர்களின் பெயர்கள்தான் பிரபலம். இதற்கெல்லாம் முந்தைய 'ஊரூர்' என்ற பெயர் ஓரமாக ஒதுங்கிவிட்டது.

சினிமாவில் பார்த்த 'உடைந்த பாலம்' நினைவிருக்கிறதா? சீனிவாசபுரம் பக்கத்து மீனவர்கள் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வர 1967-ல் கட்டப்பட்டது அது. 1977 வெள்ளத்தில் உடைந்தது. இன்று நமக்கு அது லொகேஷன். அவர்களுக்கு அது போய்வந்த வழி.

சும்மா கிடக்கும் மணலா?

'பீச் எல்லாருக்கும் பொதுதானே?' என்று கேட்கலாம். பொதுதான். ஆனா, ஞாயிறு சாயங்காலம் நமக்குக் காலியாகத் தெரியும் மணல், விடியற்காலையில் ஒருவரின் வேலையிடம். படகு ஏற்ற, வலை பிரிக்க, மீன் ஏலம் விட அந்த இடம் வேண்டும். அங்கே சாலையோ பூங்காவோ வந்தால் வீடு தப்பினாலும் தொழில் தப்பாது.

இது வெறும் பயம் இல்லை. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகப் படகுகளை அகற்றியபோது ஏற்பட்ட மோதல், துப்பாக்கிச் சூட்டிலும் மீனவர் உயிரிழப்பிலும் முடிந்தது. 2023 ஏப்ரலில் லூப் சாலையோர மீன் கடைகள் அகற்றப்பட்டபோது, நொச்சிக்குப்பம் மக்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். இரண்டு முறையும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் விழுந்தது, நகரத்துக்கு முன்பே கரையில் இருந்தவர்கள் மீது!

என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் தேவையில்லை. மீனவ கிராமங்களையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. படகுத் துறை, வலை காயும் இடம் எல்லாம் வரைபடத்தில் ஏறட்டும். அழகுபடுத்தும் திட்டம் எதுவானாலும், டெண்டருக்கு முன் ஊர்ப் பஞ்சாயத்தோடு உட்கார்ந்து பேசட்டும்.

அடுத்த முறை பீச்சுக்குப் போனால், ஷ்மிட்டோடு நிற்காமல் இன்னும் கொஞ்சம் வடக்கே நடந்து பாருங்கள். அந்த ஊர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.