'தானா விழுந்துட்டாரு'ன்னு எழுதச் சொல்லாதீங்க

"டாக்டர், சைக்கிள்ல இருந்து தானா விழுந்ததா எழுதிக்குங்க. நாங்க பேசி முடிச்சிட்டோம்."

அரசு மருத்துவமனை கேஷுவால்ட்டியில நின்ன எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பாங்க. இந்த த்ரெட் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஒரு ஆடி வெள்ளி. சந்தவாசல் பக்கத்து பட்டு நெசவாளி ஒருத்தர் (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்). படவேடு கோயிலுக்குப் போற வண்டிங்க வரிசையா வர்ற நாள். பொழுது சாயற நேரத்துல ஊடை நூல் வாங்கிட்டு சைக்கிள்ல வந்தவரை, பின்னாடி வந்த கார் தட்டிடுச்சு. வலது காலில் முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் முறிவு.

கார் ஓட்டினவர் கெட்டவர் இல்லை. ஓடிப் போகாம தன் காரிலேயே தூக்கிட்டு வந்தார். கூடவே ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர். வர்ற வழியிலேயே பத்தாயிரம் ரூபாய்க்குப் பேச்சு முடிஞ்சிருக்கு. அடிபட்டவரும் வலியில பல்லைக் கடிச்சிக்கிட்டு, "விடுங்க சார், எம்மேலயும்தான் தப்பு, சைக்கிள்ல லைட் இல்லை"ங்கறார்.

நெசவாளிக்குக் கால்ங்கறது நடக்கறதுக்கு மட்டும் இல்லை. குழித்தறியில உட்கார்ந்து மிதியை அழுத்தினாதான் பாவு விரியும், நாடா போகும். இந்த முறிவு சேர்ந்து, கால் பழையபடி பலம் பிடிக்க பல மாசம் ஆகும். அதுவரைக்கும் தறி நிக்கும். சேலைக்குத்தான் கூலி, மாசச் சம்பளம் கிடையாது. முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் வேற அப்படியே இருக்கும். பத்தாயிரம் எத்தனை வாரத்துக்குக் காணும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இப்போ அந்த "தானா விழுந்தார்" என்ன பண்ணும்னு சொல்றேன்.

விபத்துன்னு வர்ற ஒவ்வொருத்தருக்கும் நாங்க ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர்ல பதிவு போடுவோம். சுருக்கமா ஏஆர். எந்த நேரம், எந்த இடம், எது மோதினதா சொல்றாங்க, என்னென்ன காயம். பின்னாடி கேஸ் நடந்தா இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதல்ல புரட்டறது இந்தத் தாளைத்தான். அதுல "தானா விழுந்தார்"னு இருந்தா, அந்த விபத்துல காரே கிடையாது. கார் இல்லைன்னா இன்சூரன்ஸும் இல்லை. யார் தப்புன்னு எழுதறது என் வேலை இல்லைங்க. எது மோதினதா சொல்றாங்கன்னு எழுதறது என் வேலை. அதை மாத்தி எழுதினா நான் டாக்டர் இல்லை, பொய்ச் சாட்சி.

"எம்மேலயும் தப்பு இருக்கே" – இந்த ஒரு நினைப்புலதான் ஏழைங்க வாயை மூடிக்கறாங்க. சட்டம் அப்படிச் சொல்லலை. மோட்டார் வாகனச் சட்டத்துல 164ன்னு ஒரு பிரிவு இருக்கு. 2019ல திருத்தி, 2022 ஏப்ரல் 1ல இருந்து இப்போ இருக்கற வடிவத்துல அமலுக்கு வந்தது. இறந்தா 5 லட்சம், கொடுங்காயம்னா 2.5 லட்சம். வண்டி ஓட்டினவர் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதே இல்லை. எலும்பு முறிஞ்சா அது சட்டப்படி கொடுங்காயம். அந்த நெசவாளிக்கு முறிஞ்சது ரெண்டு எலும்பு.

166வது பிரிவுல போனா அதுக்கு மேலயும் கேக்கலாம், வருமான இழப்பு உட்பட. ஆனா அங்க ஓட்டினவரோட கவனக்குறைவைக் காட்டணும். சைக்கிள்காரர் மேலயும் தப்பு இருந்தா அந்தப் பங்கைக் கழிப்பாங்க, அவ்வளவுதான். லைட் இல்லைங்கறது தொகையைக் கொஞ்சம் குறைக்கலாம், மொத்தமா அழிச்சிடாது. இன்னொண்ணு, ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல (2010) உச்ச நீதிமன்றம் சொன்னது: உடல் ஊனம் எத்தனை சதவீதம்ங்கறது வேற, அதனால பிழைப்பு எவ்வளவு போச்சுங்கறது வேற. கால் மடங்காம போறதும் மேஜையில உட்கார்ந்து வேலை பார்க்கறவருக்கு ஒண்ணு, தறி மிதிக்கறவருக்கு வேற ஒண்ணு.

சரி, இந்தப் பணம் யார் கொடுக்கறது? காருக்கு இன்சூரன்ஸ் இருந்தா இன்சூரன்ஸ் கம்பெனி. கார் வச்சிருக்கற நீங்க வருஷா வருஷம் மூன்றாம் நபர் பிரீமியம் கட்டறீங்களே, அது எதுக்குன்னு நினைச்சீங்க? 2022ல அரசு அறிவிச்ச கட்டணப்படி 1000 சிசிக்குள்ள இருக்கற காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரைக்கும் 3,416. இந்த நெசவாளி மாதிரி ஒருத்தருக்காகத்தான் அதைக் கட்டறீங்க. கட்டிட்டு, அவருக்கு அது கிடைக்காம இருக்க நீங்களே ஆள் வச்சுப் பேசறீங்க. நோ கிளெய்ம் போனஸ் போயிடும்னு பயப்படாதீங்க, அந்தத் தள்ளுபடி உங்க சொந்தக் கார் சேத பிரீமியத்துக்குத்தான்.

இன்சூரன்ஸே இல்லாத வண்டிக்காரர்தான் பேசி முடிக்க ரொம்ப அவசரப்படுவார். அவர் பாக்கெட்ல இருந்து போகுமில்ல.

டாக்டரா இன்னொரு பயமும் இருக்கு. தலையில அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, டீ குடிச்சிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லை"ன்னு ஐந்நூறு ரூபாய் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தக் கசிவு இருந்தா முதல் சில மணி நேரம் ஆள் தெளிவா இருக்கலாம். அப்புறம் வாந்தி, தூக்கம், மயக்கம். ராத்திரி தூங்கறார்னு வீட்ல நினைச்சிட்டிருப்பாங்க. ரோட்டோரத்துல அஞ்சு நிமிஷத்துல காயத்தை விலை பேசறவங்களுக்கு உள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு தெரியாது. சிடி ஸ்கேன் எடுக்கற வரைக்கும் எனக்கே தெரியாது.

"அரசுதான் வைத்தியம் இலவசமா பார்க்குதே"ம்பாங்க. ஆமா, பார்க்குது. 2021 டிசம்பர் 18ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மத்திய அரசும் 2025ல ஏழு நாள், 1.5 லட்சம் வரைக்கும்னு திட்டம் கொண்டு வந்திருக்கு. ரெண்டும் நல்ல திட்டம், உயிரைக் காப்பாத்தற திட்டம். நின்னு போன தறிக்கு அது கூலி தராது.

அடுத்து ஒரு கூட்டம் வரும்: "சைக்கிளுக்கும் இன்சூரன்ஸ் கட்டாயமாக்கணும் சார், எல்லாருக்கும் ஒரே சட்டம்." மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்ங்கறது நாம அடுத்தவருக்கு ஏற்படுத்தற சேதத்துக்கு. கார் மோதினா சைக்கிள்காரருக்குக் கால் போகுது. சைக்கிள் மோதினா காருக்கு பம்பர்ல கீறல். அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு சைக்கிள் கொடுக்குது, அந்தப் பிள்ளைங்ககிட்ட பிரீமியம் கேக்கலாமா? ஒரு டன் இரும்பை ரோட்டுக்குக் கொண்டு வந்தது யாரோ, ஆபத்துக்கும் அவங்கதான் பொறுப்பு. வேகம் இரண்டு மடங்கானா மோதற சக்தி நாலு மடங்கு, இது பள்ளிக்கூட பிசிக்ஸ்.

நெதர்லாந்துல இதைச் சட்டமாவே எழுதி வச்சிருக்காங்க. கார் சைக்கிள்ல மோதினா, தவிர்க்கவே முடியாத சூழ்நிலைன்னு கார்க்காரர்தான் நிரூபிக்கணும். நிரூபிக்க முடியலைன்னா, சைக்கிள்காரர் மேலயும் தப்பு இருந்தாலும் குறைஞ்சது பாதி நஷ்டஈடு. 14 வயசுக்குக் கீழன்னா பொதுவா முழுசும். பிரான்ஸ்ல 1985ல இருந்து 16 வயசுக்குக் கீழ, 70க்கு மேல இருக்கற சைக்கிள்காரருக்கும் பாதசாரிக்கும் உடல் காயத்துக்கு முழு நஷ்டஈடு, வேணும்னே போய் விழுந்தாலொழிய. "அப்போ கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவானுங்களே"ன்னு கேப்பீங்க. பாதி நஷ்டஈடு வாங்கறதுக்காக யாரும் காலை உடைச்சிக்க மாட்டாங்க. லைட் இல்லாம, ராங் சைடுல வர்றவங்களை நானும் திட்டறேன், கட்டுப் போட்டுக்கிட்டே திட்டறேன். அது வேற கணக்கு.

நம்ம நாட்டுக்கும் இது புதுசு இல்லை. 1987லயே குஜராத் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல, தன் மேல தப்பில்லாத பாதசாரி அடிபட்டா, ஓட்டினவர் மேல தப்பு இருக்கோ இல்லையோ நஷ்டஈடு கிடைக்கணும், அதுதான் சமூக நீதின்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. தப்பு பார்க்காம கொடுக்கற தொகை 1994ல 50,000, 25,000ன்னு வச்சாங்க, 28 வருஷம் அதே தொகை. அப்போ ஒரு நல்லது இருந்தது: அதை வாங்கிக்கிட்டு, மீதிக்கு வழக்கும் நடத்தலாம். இப்போ தொகை கூடியிருக்கு, ஆனா 164ல வாங்கி ஒத்துக்கிட்டா 166 வழக்கு முடிஞ்சது. கையில காசில்லாதவர் எதை எடுப்பார்? இதைத்தான் மாத்தணும்ங்கறேன். 164 பணம் முதல்ல வரட்டும், மீதிக்கு வழக்கு நடக்கட்டும், அந்த வழக்குல தப்பில்லைன்னு நிரூபிக்கற வேலை கார்க்காரரோட இன்சூரன்ஸுக்குப் போகட்டும்.

அது வர்ற வரைக்கும் உங்க வீட்ல யாருக்காவது நடந்தா: கார் நம்பரை போட்டோ எடுங்க. ஆஸ்பத்திரியில நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, ஏஆர் நகல் கேளுங்க. எஃப்ஐஆர் போடுங்க. சட்டத்துல 6 மாசம்னு கெடு எழுதியிருக்கு, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்காங்க, அதை நம்பி தள்ளிப் போடாதீங்க. நீங்க இருக்கற ஊருக்கான தீர்ப்பாயத்துலயே மனு போடலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல வக்கீல் இலவசம். வண்டி எதுன்னே தெரியலைன்னாலும் தாசில்தார் ஆபீஸ்ல விண்ணப்பம் கொடுங்க: இறந்தா 2 லட்சம், கொடுங்காயம்னா 50,000.

அன்னைக்கு ஏஆர்ல "பின்னால் வந்த கார் மோதியதாகக் கூறப்படுகிறது"ன்னு எழுதினேன். ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "ஏன் சார் ஏழைங்களை கோர்ட்டு கேசுன்னு அலைய விடறீங்க?"ன்னு கோவமா கேட்டுட்டுப் போனார். நெசவாளியோட பையன் மட்டும் அந்தப் பத்தாயிரத்தை மேஜை மேல வச்சிட்டு, போலீஸ் ஸ்டேஷன்ல என்ன சொல்லணும்னு கேட்டான்.