கடைசல் மரத்துக்குக் கறுப்பு பெயிண்ட் வேண்டாம்



பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கும் நம் பிள்ளைகள் சிலர், கடைந்த தூணுக்கும் தொட்டில் காலுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துப் படம் போடுகிறீர்கள். கேட்டால், "மரம் வெளுத்துப்போச்சு சார்" என்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

மரத்தின் கருமை மேலே பூசியது அல்ல. மரம் முதிர முதிர நடுக்கட்டையில் சேரும் பொருட்கள் தரும் நிறம் அது. 'வைரம் பாய்ந்த கட்டை' என்று நாம் சொல்வது இதைத்தான். வெயில் மேல்தோலைத்தான் வெளுக்க வைக்கிறது. ஒரு மூலையில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், பழைய நிறம் உள்ளே இருக்கும். பெயிண்ட் அடித்தால் ரேகை மறைந்துவிடும். கடைசல் வளைவுகளில் புகுந்த பெயிண்டைப் பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

செய்ய வேண்டியது சுலபம். தேய்த்துத் தூசி தட்டி, கடையில் காய்ச்சிய லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) வாங்கி மெல்லிசாகத் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் இன்னொரு முறை தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, தூசிதான் ஒட்டும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள். அதன்பின் மரத்தில் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புதிதாகக் கடையக் கொடுப்பவர்கள் பட்டறையில் "சாயம் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுழலும் கட்டையில் அதன் சீவலையே அழுத்திப் பிடித்தால் பளபளப்பு வரும். மேலே கொஞ்சம் தேன்மெழுகு போதும்.

பழைய மரத்தின் அருமை தெரிய வேண்டுமானால் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையைப் பாருங்கள். அங்கே ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். இடித்த வீடுகளின் உத்திரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த கட்டை, கடைந்தபின் எளிதில் வெடிக்காது, கோணாது. அந்த நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாமோ அதே மாதிரி மரத்தை விறகுக்கு எடை போடுகிறோம், இல்லையென்றால் பெயிண்டில் முக்குகிறோம். வீட்டை இடிப்பவர்கள், கட்டையை லாரியில் ஏற்றும் முன் விவரம் தெரிந்த ஒரு ஆசாரியிடம் காட்டுங்கள். பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டவர்கள் மூடி வையுங்கள். அந்த மூலையைத் தேய்த்துப் பார்த்து, என்ன நிறம் வந்தது என்று கீழே எழுதுங்கள்.