ஊட்டி பிலிம் ஆலையைக் கொன்றது யார்?

"எத்தனை ரீல் படம்?" சினிமா பார்த்துவிட்டு வந்தவரிடம் ஒரு காலத்தில் ஜனங்கள் கேட்ட கேள்வி இது. ஒரு ரீல் சுமார் ஆயிரம் அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 14 ரீல் என்றால் இரண்டரை மணி நேரப் படம். இன்றைக்கு 'ரீல்' என்றால் பிள்ளைகள் செல்போனைக் காட்டுகிறார்கள்!

அந்த பிலிம் சுருள் தமிழ்நாட்டிலேயே தயாரானது என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஊட்டி இந்து நகரில் இருந்தது, மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை. 1960-ல் கம்பெனி பதிவானது. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு-வெள்ளை சினிமா பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் மலையிலிருந்து இறங்கின.

ஆலைக்கு ஊட்டி எதற்கு? தூசு இல்லாத குளிர்ந்த காற்றுக்காக! பிலிம் செய்வது லேசுப்பட்ட வேலையா? வெள்ளியை அமிலத்தில் கரைத்து, உப்பாக்கி, ஜெலட்டினில் கலந்து, கண்ணாடி போன்ற தாள் மீது தலைமுடியை விட மெல்லிசாகப் பூச வேண்டும். அதுவும் இருட்டில்! ஒரு தூசி ஒட்டினால் போச்சு. திரையில் அது பூதமாகத் தெரியும். அந்த வித்தையைக் கற்றுத் தேர்ந்தார்கள் தொழிலாளர்கள்.

அப்பேர்ப்பட்ட ஆலையை மூட 2014-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மிச்சமிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு!

"டிஜிட்டல் வந்துச்சு, பிலிம் போச்சு. யார் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிப்பது சுலபம். ஆனால் கணக்கு இடிக்கிறதே! 1990-களின் நடுவிலேயே அது நலிந்த ஆலை. அப்போது டூரிங் டாக்கீஸ் முதல் ஏ.சி. தியேட்டர் வரை ஓடியது பிலிம்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, கல்யாண வீட்டில் போட்டோ, எல்லாமே பிலிம்தான். சந்தை இருந்தது. கடைக்காரர்தான் படுத்துவிட்டார்!

காரணம் என்ன? சினிமா வண்ணத்துக்கு மாறியது. ஆலையோ வண்ண பிலிமைப் பெரிய உருளையாக வெளிநாட்டில் வாங்கி, வெட்டி விற்றது. எக்ஸ்ரே பிலிம் பாலியஸ்டருக்கு மாறியது. அதற்கான புதிய பிரிவு தாமதமாக வந்தது, செலவு எகிறியது, கடன் ஏறியது. அந்த நேரம் பார்த்து இறக்குமதி வரி குறைந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்தது. வட்டி குட்டி போட்டு ஆலையையே விழுங்கியது.

ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். புஜி கம்பெனியும் பிலிம்தான் செய்தது. சினிமா பிலிமை 2013-ல் அதுவும் நிறுத்தியது. ஆனால் மெல்லிசாகப் பூசும் அதே வித்தையை டி.வி. திரைக்கான தாளுக்குத் திருப்பியது. மருந்து, முகப்பூச்சு என்றும் இறங்கியது. இன்றும் ஜம்மென்று நிற்கிறது! 2012-ல் திவால் மனு போட்ட அமெரிக்கக் கோடாக் கூட இன்னும் சினிமா பிலிம் செய்கிறது. 2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' அந்த பிலிமில் எடுத்த படம்தான்.

ஊட்டித் தொழிலாளியின் கையில் அதே வித்தை இருந்தது. அதை வேறு வழியில் திருப்ப, மேலே இருந்தவர்களுக்குத்தான் நேரத்தோடு யோசனை வரவில்லை.

பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். இன்றைக்கு நாடு முழுக்க 'சிப்' ஆலை, பேட்டரி ஆலை என்று அடிக்கல் நாட்டு விழாக்கள். பேட்டரியும் தகட்டின் மேல் பூச்சுப் பூசும் வேலைதான்! மாலையும் மேடையும் மட்டும் போதாது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். காலத்தோடு இயந்திரம் மாற வேண்டும். வேலை தெரிந்தவன் பேச்சைக் கேட்கிற நிர்வாகம் வேண்டும்.

இது மூன்றும் இல்லாமல் "தொழில் புரட்சி" என்று முழங்கினால், ஜனங்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "சும்மா ரீல் விடுறாங்கப்பா!"